வற் 18 ஆனபோது எஸ்.எம்.எஸ். ஏன் குழம்பியது? மென்பொருள் மொடியூல்களுக்கிடையிலான சார்பு

இலங்கையின் பெறுமதி சேர் வரி, நாம் வாயில் சொல்லும் வற், 2019 டிசம்பர் 1 அன்று 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. 2022 ஜூன் 1 அன்று 12 ஆனது. அதே வருடம் செப்டெம்பர் 1 அன்று மறுபடி 15. 2024 ஜனவரி 1 முதல் 18. நாலு வருடமும் ஒரு மாதமும் கொண்ட இடைவெளியில் நாலு மாற்றம்.

கணினியில் பில் போடும் கடைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே சந்தேகம்தான்: "தம்பி, பதினைஞ்சைப் பதினெட்டாக்க ரெண்டு கிழமையா?" மென்பொருள் எழுதியவர் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்க இடமுண்டு. பெரும்பாலும் அப்படியில்லை. எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். அந்த எண்ணை நம்பிக்கொண்டு மென்பொருளின் வேறெந்த மூலைகளில் என்னென்ன இருக்கின்றன என்று தேடிப் பிடிப்பதில்தான் அந்த இரண்டு கிழமை போகிறது. அந்த 'நம்பிக்கொண்டு இருப்பதை'த்தான் சார்பு என்கிறோம்.

முதலில் மூன்று சொற்கள்

கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையை எடுத்துக்கொள்வோம். சீமெந்து, கம்பி, பெயின்ட், ஓரமாகக் காஸ் சிலிண்டர். கடையின் மென்பொருளில் ஐந்து வேலைகள் நடக்கின்றன: பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, கடன் கணக்கு, மாத அறிக்கை, வாங்கியவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது.

1. மொடியூல்: ஒரு வேலைக்குரிய கோட், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகள், முழுவதையும் ஓரிடத்தில் சேர்த்து, பெயர் வைத்து, வேலி போட்ட பகுதி. மேலே சொன்ன ஐந்தும் ஐந்து மொடியூல்களாக இருக்கலாம்.

2. இடைமுகம்: அந்த வேலியில் உள்ள படலை. வெளியிலிருந்து என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்ற ஒப்பந்தம். "இந்தப் பொருள் எத்தனை இருக்கிறது?" என்று இருப்பு மொடியூலைக் கேட்கலாம், எண் வரும். உள்ளே அது எப்படி எண்ணுகிறது என்பது கேட்பவருக்குத் தேவையில்லை.

3. சார்பு: ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் திறந்து பார்க்க வேண்டி வருமென்றால், இரண்டாவது முதலாவதைச் சார்ந்திருக்கிறது.

மூன்றாவது வரையறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மொடியூல் இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைத்தால் சார்பு, அழைக்காவிட்டால் சார்பில்லை என்றுதான் பல பாடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதிதான் சரி. தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் பெயர் சொல்லி அழைக்காத சார்புகள்தான்.

கண்ணில் படாத சார்பு

அந்த ஹாட்வெயார் கடையில் எஸ்.எம்.எஸ். மொடியூலை எழுதியவர் அவசரத்தில் ஒரு குறுக்குவழி எடுத்தார் என்று வைப்போம். பில் மொடியூலைத் தொடாமல், அச்சுக்குப் போகும் பில்லின் எழுத்தையே படித்து, கடைசியிலிருந்து மூன்றாவது வரியில் இருக்கும் தொகையை எடுத்துக்கொண்டார். பில்லின் கடைசி மூன்று வரிகள் எப்போதும் இப்படித்தான் இருந்தன: மொத்தம், செலுத்தியது, 'நன்றி, மீண்டும் வருக'. வேலை செய்தது. வருடக்கணக்காக வேலை செய்தது.

2024 ஜனவரி 1 அன்று வரி வீதம் கூடியதோடு இன்னொன்றும் நடந்தது. வற்றுக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நம்முடைய கடையும் பதிவுக்குள் வந்துவிட்டது. பில்லில் மொத்தத்துக்குக் கீழே 'இதில் அடங்கிய வற்' என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது.

இப்போது கடைசியிலிருந்து மூன்றாவது வரி எது? வற். ஒரு மேசன் பாஸ் 18,000 ரூபாய்க்குக் கடனுக்குச் சாமான் எடுக்கிறார். அவருடைய ஃபோனுக்கு "உங்கள் பில் தொகை ரூ. 2,745.76" என்று செய்தி போகிறது. கணக்கு சுத்தம், 18,000இல் அடங்கிய 18 சதவீத வற் அவ்வளவுதான். எந்த மொடியூலும் நின்றுபோகவில்லை, திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. மாதக் கடைசியில் மேசன் பாஸ் 2,745 ரூபாயோடு வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இரண்டு மொடியூல்களும் ஒன்றையொன்று அழைக்கவேயில்லை. ஆனால் பில்லில் எந்த வரி எங்கே இருக்கும் என்ற தகவல் இரண்டு இடத்திலும் இருந்தது. இப்படிப்பட்டவை இன்னும் உண்டு:

1. இரண்டு மொடியூல்கள் ஒரே தரவுத்தள அட்டவணையில் நேரடியாக எழுதுவது. ஒருவர் அதில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் மற்றவர் விழுவார்.
2. 'இதற்கு முன் அது நடந்திருக்கும்' என்ற வரிசை நம்பிக்கை. இருப்புக் கழிந்த பிறகுதான் அறிக்கை ஓடும் என்று எங்கும் எழுதாமலே நம்பியிருப்பது.
3. ஒரே எண் பல இடங்களில் கையால் அடிக்கப்பட்டிருப்பது. 15 என்று தேடினால் வற் மட்டுமா வரும்? 15 நாள் கடன் தவணையும் வரும், 15 அடிக் குழாயும் வரும். தேடி மாற்றும் வேலையை அலுப்புப் பிடித்ததாக ஆக்குவது இதுதான்.

1974இல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கொன்ஸ்டன்டைன் ஆகிய மூவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை மொடியூல்களுக்கிடையிலான இந்த இறுக்கத்தை வகைப்படுத்தியது. ஒரு மொடியூல் மற்றதன் உட்புறத்தில் கை வைப்பது ஆக மோசமான வகை. தேவையான தரவை மட்டும் கொடுத்து வாங்குவது ஆகத் தளர்வான வகை. நம்முடைய எஸ்.எம்.எஸ். மொடியூல் செய்தது முதலாவதற்கு மிகக் கிட்ட வரும்.

எங்கே வேலி போடுவது?

மொடியூல்களை வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பதுதான் இயல்பாகத் தோன்றும்: முதலில் உள்ளீடு, பிறகு கணக்கு, பிறகு அச்சு. கணினி விஞ்ஞானி டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. ஒரு சிறிய அகரவரிசை நிரலை எடுத்து அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் பிரிப்பு வேலையின் வரிசைப்படி. அதில், உரையின் வரிகள் நினைவகத்தில் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பது எல்லா மொடியூலுக்கும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. வைக்கும் முறையை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். இரண்டாவது பிரிப்பில் ஒவ்வொரு மொடியூலும் ஒரு முடிவை, நாளைக்கு மாறக்கூடிய ஒரு முடிவை, தனக்குள் ஒளித்து வைத்திருந்தது. அந்த முடிவு மாறினால் அந்த ஒன்றைத் திறந்தால் போதும்.

நம்முடைய கடையில் மாறக்கூடியது எது? மேலே உள்ள நாலு திகதிகளே பதில். எனவே 'வரி' என்று ஆறாவதாக ஒரு மொடியூல் வேண்டும். அதன் இடைமுகம் ஒரே ஒரு கேள்வி:

வற்(தொகை, திகதி)

இதில் 'திகதி'தான் முக்கியம். 'இன்றைய வீதம் என்ன' என்று மட்டும் கேட்கும்படி வைத்தால், ஏற்கெனவே வற்றுக்குப் பதிவான ஒரு கடை 2023 டிசம்பர் 30இல் போட்ட பில்லை ஜனவரியில் மறுபடி அச்சடிக்கும்போது 18 சதவீதம் விழும். வாங்கியவர் கையில் உள்ள பழைய தாளில் 15 இருக்கும், புதுத் தாளில் 18. உள்ளே நாலு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தால் போதும்: எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம். அடுத்த முறை வீதம் மாறும்போது ஐந்தாவது வரி. பில்லும் அறிக்கையும் வீதத்தைத் தெரிந்து வைத்திருக்கவே தேவையில்லை.

எண்ணிக்கையை விடத் திசை முக்கியம்

சார்பே இல்லாத மென்பொருள் கிடையாது. ஐந்து மொடியூல்களும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் அவை ஐந்து தனித்தனி மென்பொருள்கள். ஆகவே எத்தனை சார்பு என்று எண்ணுவதைவிட, எது எதைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது.

கல்லோயாத் திட்டத்தின் நீர்ப்பாசனம் இதற்கு நல்ல படம். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளம், அங்கிருந்து பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், பிறகு வயல் வாய்க்கால். வயல், வாய்க்காலை நம்பியிருக்கிறது, வாய்க்கால் குளத்தை நம்பியிருக்கிறது. கீழே ஒருவர் பி.ஜி. 94-1ஐ விட்டு ஏ.ரி. 362 விதைத்தால் குளத்தில் ஒன்றும் மாறவேண்டியதில்லை. குளத்துக்கு நெல்லினம் தெரியாது.

இடைமுகமும் அங்கே இருக்கிறது. போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம்தான் அது. முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, எத்தனை மாத நெல் என்று அதில் முடிவாகும். அந்த எல்லைக்குள் யார் எந்த இனம் விதைத்தாலும் சரி. மூன்றரை மாத இனத்துக்கு முடிவு செய்த போகத்தில் ஒருவர் பிந்தி விதைத்துவிட்டு, கடைசியில் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் போய் இன்னும் பத்து நாள் தண்ணீர் கேட்டால் அப்போதுதான் சிக்கல். அவருடைய வயலின் உள்விவகாரம் ஒப்பந்தத்தைத் தாண்டி மேலே ஏறிவிடுகிறது. மேசன் பாஸின் எஸ்.எம்.எஸ்.ஸில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான், திசை மட்டும் தலைகீழ்.

ஆக, அடிக்கடி மாறுவது அரிதாக மாறுவதைச் சாரலாம், மறுபக்கம் கூடாது. மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் ரொபேர்ட் மார்ட்டின் இதற்கு எளிய அளவு ஒன்று கொடுத்தார். ஒரு மொடியூல் எத்தனையைச் சார்ந்திருக்கிறதோ அதை, அது சார்ந்தவையும் அதைச் சார்ந்தவையும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்கவேண்டும். வரி மொடியூல் எதையும் சாரவில்லை, பிறர் அதைச் சார்கிறார்கள்: 0. பில் மொடியூல் வரி, இருப்பு, கடன் மூன்றையும் சார்கிறது, எஸ்.எம்.எஸ்.ஸின் குறுக்குவழியை விட்டுவிட்டால் அறிக்கை மட்டும் அதைச் சார்கிறது: 3ஐ 4ஆல் வகுக்க 0.75. அறிக்கையை யாரும் சாரவில்லை: 1. அம்புகள் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்குப் போனால் நல்லது. இந்த எண்ணை வேதவாக்காக எடுக்கவேண்டாம், பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான்.

வட்டம் விழுந்தால்

கடனுக்குப் பில் போடும்போது பில் மொடியூல் கடன் மொடியூலைக் கேட்கிறது: "இவருக்கு இன்னும் கொடுக்கலாமா?" கடன் மொடியூலுக்குப் பதில் தெரிய வேண்டுமே, அது பில் மொடியூலைத் திருப்பிக் கேட்கிறது: "இவர் கட்டாத பில்கள் எவை?" இரண்டும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன.

இதனால் என்ன நட்டம்?

1. எதைத் தனியாகச் சோதிக்கலாம் என்றால், எதையுமே முடியாது. கடனைச் சோதிக்கப் பில் வேண்டும், பில்லைச் சோதிக்கக் கடன் வேண்டும்.
2. சார்பு வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பும் கருவிகளுக்கு வரிசையே கிடைக்காது. ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது: எதையும் சாராததை முதலில் எடு, அதை நீக்கு, மறுபடி தேடு. வட்டத்துக்குள் எதையும் சாராதது என்று ஒன்று இருக்காது.
3. இரண்டு மொடியூல் என்று பெயர்தான் இருக்கும், நடைமுறையில் ஒன்று.

வழி கடையின் பழைய கடன் கொப்பியிலேயே இருக்கிறது. யாருக்காவது கடன் எவ்வளவு என்று பார்க்க எவரும் பில் புத்தகங்களைப் புரட்டுவதில்லை. பில் எழுதும்போதே கொப்பியில் ஒரு வரி ஏறும். அதையே இங்கும் செய்யலாம்: பில் முடிந்ததும் பில் மொடியூல் கடனிடம் "இவர் பெயரில் 18,000" என்று சொல்லிவிடும். கடன் தன்னுடைய மீதியைத் தானே வைத்திருக்கும். அம்பு ஒரு பக்கம் மட்டும்.

இதற்கும் விலை உண்டு. ஒரே தகவல் இரண்டு இடத்தில். பில் பதிவாகி, கடன் பதியுமுன் கரன்ட் போனால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். எனவே இரண்டு பதிவும் சேர்ந்தே நடக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்கக்கூடாது என்று தரவுத்தளத்தில் கட்டுப்பாடு வைக்கவேண்டும். இதை விட்டுவிட்டு வட்டத்தை மட்டும் உடைப்பவர்கள் ஒரு தலையிடியைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறார்கள்.

சார்பைத் திருப்பிப் போடுவது

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வருவோம். பில் முடிந்ததும் செய்தி போகவேண்டும். பில் மொடியூல் நேரடியாகத் தொலைபேசி நிறுவனத்தின் சேவையை அழைத்தால், கடையின் ஆக முக்கியமான பகுதி ஆக அற்பமான பகுதியைச் சார்ந்துவிடும். நிறுவனம் தன் முறையை மாற்றினால் பில்லைத் திறக்கவேண்டும்.

மாற்று வழியில் பில் மொடியூல் தன் தேவையை மட்டும் அறிவிக்கிறது: 'அறிவி(வாடிக்கையாளர், தொகை)' என்ற ஒன்றைச் செய்யத் தெரிந்த எவரும் வரலாம். எஸ்.எம்.எஸ். மொடியூல் அந்த வடிவத்துக்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. மென்பொருள் தொடங்கும்போது முதன்மைப் பகுதி இரண்டையும் சேர்த்து வைக்கிறது. இப்போது எஸ்.எம்.எஸ். பில்லின் ஒப்பந்தத்தைச் சார்கிறது, பில் எஸ்.எம்.எஸ்.ஸைச் சாரவில்லை. மூன்றாவது வரியைப் படிக்கும் குறுக்குவழிக்கும் இனி வேலை இல்லை, தொகை கையில் வந்து விழுகிறது. நாளை வாட்ஸ்அப்புக்கு மாறினாலும் பில் தூங்கலாம். இதைச் சார்புத் தலைகீழாக்கம் என்பார்கள்.

இதைக் கற்றுக்கொண்ட புதிதில் எல்லா இடத்திலும் செய்யத் தோன்றும். வேண்டாம். வரி மொடியூலுக்கு இப்படியொரு இடைவடிவம் எழுதினால் படிக்கவேண்டிய கோப்பு ஒன்று கூடியதைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. இந்த நாட்டுக்கு ஒரே வற்தான்.

வெளியிலிருந்து வருபவர்கள்

இன்று யாரும் கோட் முழுவதையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பகிர்ந்த பொதிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். பில்லில் தொகைகள் வலப்பக்கம் நேராக நிற்க, சிறிய எண்களுக்கு முன்னால் வெற்றிடம் நிரப்பவேண்டும். இந்த வேலையைச் செய்யும் லெஃப்ட்பேட் என்ற 11 வரிப் பொதி ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இருந்தது. 2016 மார்ச் 22 அன்று, வேறொரு பொதியின் பெயர் பற்றிய தகராறில், அதை எழுதியவர் தன் பொதிகள் அனைத்தையும் என்பிஎம் என்ற பொதுப் பொதிக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். பேபல் போன்ற பெரிய கருவிகளும் அவற்றை நம்பிய எண்ணற்ற திட்டங்களும் சில மணி நேரம் கட்டமுடியாமல் நின்றன. பலருக்குத் தாங்கள் லெஃப்ட்பேட்டைப் பயன்படுத்துவதே அன்றுவரை தெரியாது. நீங்கள் சார்வது ஒன்றை, அது சார்வது இன்னொன்றை, கடைசியில் அந்த 11 வரி.

இந்தச் சங்கிலிச் சார்பின் பயங்கரமான முகம் 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்ததை அன்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தார். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக எடுத்ததுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. நுழைவைக் கவனிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரல் எக்ஸ்இசட்டை நேரடியாகச் சாரவேயில்லை. சில லினக்ஸ் வெளியீட்டார் அதில் செய்த ஒரு திருத்தம், லினக்ஸில் சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியை இழுத்துவந்தது, சிஸ்டம்டி எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது.

இதற்காக வெளிப் பொதிகளையே ஒதுக்க முடியாது. செய்யக்கூடியவை:

1. பதிப்பு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது. 2.4.1 என்றால், இடது எண் மாறினால் பழைய பயன்பாடு உடையலாம், நடு எண் மாறினால் புதியது சேர்ந்திருக்கிறது, வலது எண் மாறினால் பிழை திருத்தம். இது எழுதியவரின் வாக்குறுதிதான், உத்தரவாதமில்லை.
2. பூட்டுக் கோப்பு வைத்திருப்பது. சங்கிலியில் உள்ள ஒவ்வொரு பொதியின் சரியான பதிப்பும் அதில் இருக்கும். இன்று கட்டியதும் அடுத்த மாதம் கட்டுவதும் ஒன்றாயிருக்கும்.
3. வைர வடிவச் சிக்கலைக் கவனிப்பது. அச்சுப் பொதிக்கு ஒரு லைப்ரரியின் 1ஆம் பதிப்பு வேண்டும், அறிக்கைப் பொதிக்கு அதே லைப்ரரியின் 2ஆம் பதிப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்கச் சில மொழிகள் விடும், சில விடாது.
4. 11 வரியில் முடியும் வேலையைத் தானே எழுதிவிடுவது.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில்

இதையெல்லாம் படித்துவிட்டு ஏழு வருடப் பழைய கடை மென்பொருளை முழுதாக உடைத்து எழுதப் புறப்படுவது ஆபத்து. மட்டக்களப்பில் 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தை இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டவில்லை. பக்கத்தில் புதிதைக் கட்டி, 2013இல் வாகனங்களை அதில் விட்டார்கள். பழையது இன்னும் நிற்கிறது. வரி மொடியூலையும் அப்படியே பக்கத்தில் கட்டலாம். முதலில் பில் மட்டும் அதைக் கேட்கட்டும். பழைய கணக்கும் புதியதும் ஒரு மாதம் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பாருங்கள். பிறகு அறிக்கையை மாற்றுங்கள்.

இன்னொரு ஆசையும் வரும்: ஒவ்வொரு மொடியூலையும் தனித்தனி சேவையாக்கி வலையமைப்பில் வைப்பது. அதனால் சார்பு குறையாது, கம்பிக்கு மேல் ஏறும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. வரி கணக்கிடும் சேவை கொழும்பில் ஒரு சேர்வரில் இருந்தால், கல்முனைக் கடையில் ஜெனரேட்டர் ஓடினாலும் இன்டர்நெட் லைன் இல்லாத நேரத்தில் ஒரு ஆணிப் பெட்டிக்குக்கூடப் பில் போடமுடியாது.

சரி, இவ்வளவும் செய்த கடைக்கு 2024 ஜனவரி 1 எப்படி விடிந்திருக்கும்? வீதப் பட்டியலில் ஒரு வரி, இரண்டு நிமிட வேலை. எஸ்.எம்.எஸ். சரியான தொகையைச் சொல்லியிருக்கும். ஆனால் அதே நாளில், அதுவரை வற் விலக்கில் இருந்த டீசல், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி உட்படப் பல பொருட்களின் விலக்கும் நீங்கியது. நம்முடைய கடையில் காஸ் சிலிண்டர் இருக்கிறது. 'வற் உண்டா, இல்லையா' என்ற அடையாளம் இருப்பு மொடியூலில் பொருளின் பக்கத்தில் வெறும் ஆம், இல்லை என்று கிடக்கிறது, திகதி இல்லாமல். அதை 'ஆம்' என்று மாற்றினால், டிசம்பரில் விற்ற சிலிண்டரின் பில்லை மறுபடி அச்சடிக்கும்போது அன்றைக்கு இல்லாத வற் அதில் ஏறும். விலக்கும் வரியின் விவகாரம்தான், அது 'வரி' மொடியூலுக்குள்தான் இருந்திருக்கவேண்டும், இடைமுகம் வற்(பொருள், தொகை, திகதி) என்று இருந்திருக்கவேண்டும். 2019இல் வேலி போட்டவருக்கு வீதம் மாறும் என்று தெரியும். விலக்குப் பட்டியல் மாறும் என்று அவர் நினைக்கவில்லை. அந்தத் திருத்தத்துக்கு இன்னும் மூன்று நாள்.